விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

நைட் டியூட்டியில் ஊசி போட்டு முடித்ததும், பழக்கதோஷத்தில் மூடியைத் திருப்பி மாட்டப் போய் விரலில் குத்திக்கொள்வது செவிலியர்களுக்குப் புதிதல்ல. லேப் டெக்னீஷியனுக்கும் குப்பைப் பையைக் கட்டும் துப்புரவுப் பணியாளருக்கும் அதே ஆபத்துதான். திண்டுக்கல்லின் சிறிய நர்சிங் ஹோம்களில் இப்படி நடந்தால் பெரும்பாலும் விரலைப் பிதுக்கி ரத்தத்தை வெளியேற்றுவார்கள், டெட்டால் ஊற்றுவார்கள். "காலையில டாக்டர்கிட்ட சொல்லிக்கலாம்" என்று வேலையைத் தொடர்வார்கள்.

இதில் எதுவுமே சரியில்லை. பிதுக்கவோ, விரலை வாயில் வைக்கவோ கூடாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். காலைவரை பொறுப்பது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு.

குத்திய ஊசியில் எச்.ஐ.வி. இருந்தாலும், அந்தக் கிருமி உடலில் நுழைந்த கணமே ரத்தம் முழுக்கப் பரவிவிடுவதில்லை. நுழைந்த இடத்திலுள்ள செல்களைப் பற்றிக்கொண்டு, நிணநீர்க் கணுக்களை எட்டி, அங்கே பெருகி, பிறகுதான் ரத்தத்தில் கலக்கிறது. இதற்குச் சில நாட்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் மருந்து முந்திக்கொண்டால் கிருமி செல்லின் மரபணுவில் போய் ஒட்டிக்கொள்ள முடியாது. இந்தச் சிகிச்சையைத்தான் மருத்துவர்கள் 'பெப்' என்கிறார்கள். டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையைத் தினம் ஒன்றாக 28 நாட்கள் சாப்பிட வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது உத்தமம். 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை.

தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் கிருமி தொற்றும் வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்று என்பது மருத்துவ உலகின் கணக்கு. சிறிய எண்தான். ஆனால் அந்த மூவரில் ஒருவராக யாரும் இருக்க வேண்டியதில்லை. சிடோவுடின் என்ற ஒரே மருந்து மட்டும் இருந்த காலத்திலேயே, அது இந்த ஆபத்தை ஏறக்குறைய 80 சதவீதம் குறைத்தது என்று 1997-ல் வெளியான ஆய்வு காட்டியது.

மருத்துவமனை ஊழியர்களுக்குப் பெப் மருந்து கிடைக்க நிர்வாகம் ஏற்பாடு செய்தாக வேண்டும். 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சின்ன நர்சிங் ஹோம் என்பதால் விலக்கு இல்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் இது உரியது. அவர்களுக்கு அரசு, தனியார் என்ற பேதமின்றி எந்த மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். போலீஸ் புகார் பதிவாகும்வரை மருந்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

நேரம் தவறுவதன் விலையைத் தென் மாவட்டங்கள் 2018 டிசம்பரில் பார்த்தன. சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. ரத்தம் கொடுத்த இளைஞருக்கு வேறொரு பரிசோதனையில் தன் தொற்று தெரியவந்து, அவரே தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றி நாட்கள் கடந்துவிட்டன. தாய்க்குத் தொற்று வந்தது. ஆனால் மதுரையில் பிறந்த குழந்தை தொற்றின்றித் தப்பியது.

பெப் ஆபத்துக்குப் பிறகு சாப்பிடுவது. முன்கூட்டியே சாப்பிடும் மருந்து வேறு. 'பிரெப்' எனப்படும் அதற்கு அமெரிக்கா 2012-ல் அனுமதி தந்தது. இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோ 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. துணைக்குத் தொற்று இருப்பவர்கள், பாலியல் தொழிலாளர்கள், திருநங்கைகள், ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள் போன்றோருக்கு இது பயன்படும். தொற்று இல்லை என்று பரிசோதித்து, சிறுநீரகத்தையும் மஞ்சள் காமாலை பி கிருமியையும் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து. மேக நோயை இது தடுக்காது. ஆணுறையை ஓரங்கட்டவும் முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் லெனகாபவிர் ஊசிக்கு அமெரிக்கா 2025 ஜூனில் அனுமதி அளித்தது. ஆப்பிரிக்காவில் நடந்த சோதனையில் அந்த ஊசி போட்டுக்கொண்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை.

சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் 1986-ல் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தபோது கையில் மருந்தே இல்லை. இன்று திண்டுக்கல் அரசு மருத்துவமனையிலேயே (ஜி.எச்.) எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. இல்லாதது பேச்சுதான். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தின் வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில் மணி ஓடிவிடுகிறது.

பகலில் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகலாம். இரவில் நேராக ஜி.எச். அவசரப் பிரிவுக்குப் போய், என்ன நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது என்று சொல்லுங்கள். பரிசோதனை முடிவு வரும்வரை முதல் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது. சந்தேகம் இருந்தால் எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-க்குப் போன் செய்யுங்கள், கட்டணம் கிடையாது.