கொதிக்கும் ஜீப், குளிரும் மலை
மணாலி - லே சாலையில் வண்டிகளை மடக்கிப்போடுவது பனி மட்டுமல்ல, என்ஜின் சூடும்தான். அதற்குச் செய்யப்படும் வைத்தியமோ பல நேரங்களில் நோயைவிட மோசம்.

மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில் சர்ச்சுவைத் தாண்டியதும் தொடங்குகின்றன காட்டா லூப்ஸ் எனப்படும் 21 கொண்டை ஊசி வளைவுகள். வழியில் ஓரிடத்தில் ஒரு சிறு மாடம். அதைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான தண்ணீர் பாட்டில்கள். சீசன் முடியும் நேரத்தில் இங்கே பழுதாகி நின்ற லாரியில் கிளீனரை விட்டுவிட்டு மெக்கானிக்கைத் தேடிப் போனாராம் டிரைவர். பனி கொட்டி வழி அடைத்துக்கொண்டது. அவர் திரும்பி வந்தபோது கிளீனர் தாகத்திலும் குளிரிலும் இறந்து கிடந்தாராம். அன்றிலிருந்து அந்த ஆவிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் போகிறார்கள்.

கதை உண்மையோ பொய்யோ, இந்த இடத்தில் தாகம் மனிதர்களுக்கு மட்டுமல்ல. பானெட்டைத் திறந்துவைத்தபடி, ஆவி கக்கிக்கொண்டு ஓரமாக நிற்கும் ஜீப்புகள் இங்கே சகஜமான காட்சி. கை விறைக்கும் குளிரில் என்ஜின் எப்படிக் கொதிக்கிறது? முதல்முறை வருபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது.

விடை உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 4,700 மீட்டர் உயரத்தில் 85 டிகிரியை எட்டும்போதே கொதித்துவிடும். பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்புவதே சுமார் 82 டிகிரியில்தான். அதாவது, குளிர்விக்கும் வேலை தொடங்கும்போதே தண்ணீர் கொதிநிலையைத் தொட்டுவிடுகிறது.

இதைத் தடுப்பது ரேடியேட்டரின் மூடி. அதிலுள்ள ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைத் தேக்கிவைக்கிறது. சதுர செ.மீ.க்கு 0.9 கிலோ அழுத்தம் தாங்கும் மூடி ஒழுங்காக இருந்தால், இதே உயரத்தில் தண்ணீர் சுமார் 110 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்த 25 டிகிரி பாதுகாப்பு அப்படியே போச்சு. சமவெளியில் பல மாதங்கள் வெளியே தெரியாமல் இருந்த கோளாறு, மலையில் அரை மணி நேரத்தில் அம்பலமாகிவிடும்.

மற்றச் சூழ்நிலைகளும் எதிராகவே இருக்கின்றன. இங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். ரேடியேட்டர் வழியே போகும் காற்று அந்த அளவுக்குக் குறைவான சூட்டையே எடுத்துச் செல்லும். காற்று குறைவதால் டர்போ இல்லாத பழைய டீசல் என்ஜின்களுக்குச் சக்தியும் குறைகிறது. டிரைவர் முதல் கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே ஏற வேண்டும். வண்டியின் வேகமோ ஆள் ஓடும் வேகம். எதிர்க்காற்றே கிடையாது, எல்லாப் பாரமும் ஃபேன் தலையில்.

இந்த நிலையில் பல ஒர்க்‌ஷாப்புகளில் தரப்படும் வைத்தியம் என்ன? தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. தண்ணீர் தடையில்லாமல் ஓடும், சூடு குறையும் என்பது நம்பிக்கை. ஆனால் பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலைகள்: ரேடியேட்டருக்கு வழி திறப்பது, அதேசமயம் பைபாஸ் வழியை மூடுவது. அதை எடுத்துவிட்டால் பைபாஸ் திறந்தே கிடக்கும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே என்ஜினுக்குத் திரும்பிவிடும். ஏற்றத்தில் சூடு முன்பைவிட அதிகமாகும். இறக்கத்திலோ குளிர்காலையிலோ என்ஜின் சூடேறவே மறுக்கும், டீசல் சரியாக எரியாமல் புகையும், தேய்மானம் கூடும், ஹீட்டரும் வேலை செய்யாது.

நோயைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. மெதுவாக ஊரும்போது மட்டும் சூடாகிறதா? குறை காற்றில்: தளர்ந்த ஃபேன் பெல்ட், பழுதான ஃபேன், ரிப்பேரின்போது கழற்றி மாட்டாமல் விட்ட ஃபேன் கவசம். கவசம் இல்லாத ஃபேன், என்ஜினின் சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும். நெடுஞ்சாலை வேகத்தில் சூடாகிறதா? குறை பெரும்பாலும் தண்ணீரின் ஓட்டத்தில்: உப்புப் படிந்து அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், உறிஞ்சும்போது சப்பிப்போகும் கீழ் ஹோஸ். மேற்கு ராஜஸ்தானின் கடின நீரை ஆண்டுக்கணக்கில் குடித்த வண்டிகளில் இந்த உப்பு அடைப்பு அதிகம். குளிர்ந்த என்ஜினை மூடி இல்லாமல் ஓட்டிப் பார்க்கும்போது தண்ணீரில் ஓயாமல் குமிழிகள் வந்தால், ஹெட் கேஸ்கட் போய்விட்டதாகச் சந்தேகிக்கலாம்.

சில குறைகள் சொந்தச் செலவில் வைத்துக்கொண்ட சூனியம். கிரில்லுக்கு முன் அலங்காரமாக மாட்டும் கூடுதல் விளக்குகளும் பலகைகளும் காற்றை மறிக்கின்றன. சேறும் அப்படித்தான். கோவாவில் 2014இல் இந்தியாவுக்கு வந்த ரெய்ன்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற மழைக்காலப் போட்டிகளில், இடுப்பளவு சேற்றிலிருந்து வெளியே வந்ததும் ரேடியேட்டரைக் கழுவுவது முக்கியமான வேலை. முன்பக்கம் மட்டும் தண்ணீர் அடித்தால் சேறு உள்ளே போய் இறுகும். ஃபேன் பக்கத்திலிருந்து, மெல்லிய தகடுகள் மடங்காதபடி மெதுவாக அடிக்க வேண்டும்.

வழியில் கொதித்துவிட்டால்? தண்ணீர் வெளியேறாமல் முள் மட்டும் ஏறியிருந்தால், வண்டியைக் காற்றுக்கு எதிராக நிறுத்தி, நியூட்ரலில் சற்றே வேகமாக ஓடவிட்டு, ஹீட்டரை முழுதாகத் திருப்ப வேண்டும். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். ஆவி பீறிட்டால் உடனே என்ஜினை நிறுத்த வேண்டும். மூடியை அரை மணி நேரத்துக்காவது தொடக்கூடாது. அவசரப்பட்டுத் திறந்து முகத்தையும் கையையும் வேகவைத்துக்கொண்டவர்கள் ஏராளம். பக்கத்து ஓடையின் பனிநீரைக் கொதிக்கும் இரும்பில் ஊற்றுவது அதைவிடப் பெரிய தவறு. சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டால் மலையிலிருந்து வண்டி இறங்குவது கயிற்றில்தான்.

அங்கேதான் விஷயம் வெறும் மெக்கானிக் சமாச்சாரமாக இல்லாமல் போகிறது. இந்தச் சாலை திறந்திருப்பது வருடத்தில் சில மாதங்கள். வண்டியே பிழைப்பான டிரைவருக்கு ஹெட் போனால் சீசன் போச்சு. பின்சீட்டில் இருப்பவருக்கு உயரத்தால் மூச்சுத்திணறல் வந்திருந்தால், உடனே கீழே இறக்குவதுதான் முதல் மருந்து. அதற்கு வண்டி ஓட வேண்டும்.

2020 அக்டோபரில் திறந்த 9 கி.மீ. நீள அடல் சுரங்கம் ரோதாங் ஏற்றத்தைத் தவிர்த்துவிட்டது. புதிய வண்டிகளில் சூடு எல்லை மீறினால் கம்ப்யூட்டரே சக்தியைக் குறைக்கிறது. ஆனாலும் பாராலாச்சாவும் 5,328 மீட்டர் உயர தங்லாங் லாவும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. தண்ணீரும் கூலண்டும் பாதிப்பாதியாகக் கலந்து ஊற்றினால் கொதிநிலை உயரும். இரவில் மைனஸ் 30 டிகிரியிலும் உறையாது. ஒரு புது மூடி, ஒரு உபரி பெல்ட், இரண்டு ஹோஸ்கள், பத்து லிட்டர் தண்ணீர்: எல்லாம் சேர்த்தாலும் ஒரு ஹெட் வேலைக்கு ஆகும் செலவில் சிறு பகுதிதான்.

காட்டா லூப்ஸில் ஆவிக்கு ஒரு பாட்டில் வைப்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் விவரமான டிரைவர்கள் அதற்கு முன்பே, கீலாங்கில் காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.