மருத்துவருக்குச் சுகவீனம் வந்தால்



"டாக்டருக்கே நோய் வந்தால் வேலை பார்க்கலாமா?" என்று பேரையூர்ப் பக்கத்து நோயாளிகள் எங்களிடம் கேட்பதுண்டு.

பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் 1980இல் இதற்கெனத் தனி நடைமுறையைக் கொண்டுவந்தது. வேறு மருத்துவர்கள் அவரைப் பரிசோதித்து அறிக்கை தருவார்கள். நோயின் பெயரை மட்டுமல்ல, அவரால் நோயாளிகளுக்கு ஆபத்து உண்டா, அவர் சிகிச்சையை ஒழுங்காய்ப் பெறுகிறாரா என்பதையும் பார்ப்பார்கள். அதன்படி மேற்பார்வையோடு வேலை செய்யவிடுவார்கள், அல்லது சிறிதுகாலம் நிறுத்திவைப்பார்கள். சுகவீனம் ஒன்றையே காரணமாக்கிப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குவதில்லை. சிங்கப்பூர் மருத்துவக் கவுன்சிலிலும் இதற்கென்று குழு உண்டு.

நம் நாட்டின் 2002ஆம் ஆண்டு மருத்துவ நன்னடத்தை விதிகளிலோ, தவறிழைத்தவரை விசாரிக்கும் நடைமுறை உண்டு. குற்றவாளி போல் நிறுத்தப்படுவோமோ என்று பயப்படுகிறவர் நோயை மறைப்பார், பாதிக்கப்படுவது நோயாளியே. ஆகவே ஒரு மருத்துவர், "எனக்குச் சுகமில்லை" என்று விடுப்பு எடுத்தால் குறைவாக எண்ணாதிருங்கள். அது உங்கள் பாதுகாப்புக்கே.