ஒரே நீரை நம்பிய மீன்கள்

மீன் குறைந்துவிட்டால் சில காலம் பிடிக்காமல் விட்டால் போதும், தானே பெருகிவிடும் என்று பலரும் நம்புகிறோம். எல்லா மீனுக்கும் அது பொருந்தாது. அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்கடல்களின் குளிர்நீரில் வாழும் நோட்டோதீனியா என்ற பேரினமே அதற்குச் சான்று. அதில் ரோசி என்ற இனத்தின் இளம் மீன்கள் கரையோரக் கடற்பாசிக் காடுகளில் சில ஆண்டுகள் வளர்ந்த பிறகே ஆழத்துக்குப் போகும்; முட்டையிடும் பருவத்தை எட்ட இன்னும் காலம் பிடிக்கும். தெற்கு ஜார்ஜியா தீவை ஒட்டி 1969–70 பருவத்தில் மட்டும் சோவியத் கப்பல்கள் ஏறத்தாழ 4 லட்சம் டன் ரோசி மீனை அள்ளின. இரண்டே பருவங்களில் அந்த வளம் சரிந்தது. தென்கடல் உயிர்வளம் காக்கும் பன்னாட்டு ஆணையம் 1985-இல் அந்த மீனைப் பிடிக்கத் தடை போட்டது. தடை வந்த பிறகும் பல பத்தாண்டுகளுக்கு அந்தக் கூட்டம் பழைய நிலைக்கு மீளவில்லை.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியிலும் இப்படி ஒரே நீரை நம்பிய மீன் உண்டு. 1954-இல் ஈ. ஜி. சைலஸ் அறிவியல் உலகுக்கு விவரித்த கெண்டை அது. டாக்கின்சியா பேரினத்தைச் சேர்ந்த அதன் அறிவியல் பெயரிலேயே இந்த ஆறு இருக்கிறது. வளர்ந்த ஆண் மீனின் முதுகுத் துடுப்புக் கதிர்கள் இழை இழையாக நீண்டு நிற்கும். விலாவில் கருந்திட்டுகள் படிந்திருக்கும். இந்த வடிநிலத்துக்கே உரிய இதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வகைப்படுத்தியிருக்கிறது. ரோசி மீனை வலை தீர்த்தது. இதற்கோ சாக்கடையும் மணல் அள்ளுதலும் வற்றும் மடுக்களும் ஆபத்து. ஆனால் இரண்டும் ஒரே விதமாகத்தான் சிக்கிக்கொள்கின்றன: இருக்கும் இடம் கெட்டால் போய்ப் பிழைக்க வேறு இடம் இல்லை.

ஆற்றில்தான் ஜிலேபி மீன் நிறையக் கிடைக்கிறதே, இந்தச் சிறு கெண்டைக்கு ஏன் கவலை என்று கேட்கலாம். ஜிலேபி வெளியிலிருந்து வந்தது, கலங்கிய தேங்கல் நீரிலும் பெருகும். அது மலிந்திருப்பதால் ஆறு நலமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. வண்ணமீன் தொட்டிகளில் இந்தக் கெண்டை வளர்கிறதே என்பார்கள். தொட்டியில் பெருகும் மீனை விடுவதற்கும் உயிருள்ள ஆறு வேண்டுமே. கார், பிசான நெல் பருவங்களுக்குத் தண்ணீர் தரும் எட்டு அணைக்கட்டுகளை யாரும் குறைசொல்லவில்லை. கோடையிலும் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டம் வரை ஓட்டம் அறாமல் கொஞ்சம் நீர் விடுவதும், சுத்திகரிக்காத கழிவை ஆற்றில் கலக்காமல் தடுப்பதும் உழவருக்கும் குடிநீருக்கும் சேர்த்தே நன்மை. தென்கடலில் தடை காலம் கடந்து வந்தது. இங்கே மீன் இன்னும் இருக்கிறது. காப்பதற்கு இதுவே நேரம்.