உஷார்! கம்பி செருகிய கொக்கியோடு குலசைக்குக் கிளம்பாதீர்கள்

தசரா வரப்போகிறது. உடன்குடி சுற்றுவட்டாரத்தில் வருஷம் முழுக்க விறகும் செங்கல்லும் தண்ணீர்த் தொட்டியும் சுமந்த டிராக்டர் டிரெய்லர் மேல் இப்போது தசரா குழுக்களின் கண் விழும். மேளம், ஸ்பீக்கர், வேடம் போட்ட பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் ஏற்றிக் குலசை என்கிற குலசேகரன்பட்டினம் போய்விடலாம் என்று தோன்றும். தயவுசெய்து முதலில் அந்தப் பெட்டியின் அடியில் குனிந்து பாருங்கள்.

கொக்கியில் தொடங்குங்கள். டிராக்டரோடு பெட்டியைக் கோக்கும் பின் தேய்ந்தாலோ தொலைந்தாலோ கட்டட வேலையில் மிஞ்சிய முறுக்குக் கம்பியையோ நீள போல்ட்டையோ செருகி ஓட்டுகிறார்கள். கம்பி வளையும். போல்ட் மரை வெட்டிய இடத்தில் விரிசல் விடும். அடியில் பூட்டு ஊசி மாட்டாத பின் ஒரு குழியில் இறங்கி ஏறினாலே எகிறி வெளியே வந்துவிடும். இரண்டு சக்கரப் பெட்டி அப்படிக் கழன்றால் இழுவைத் தண்டு சாலையில் குத்தும். பாரம் பின்னால் இருந்தால் பெட்டி அண்ணாந்து உள்ளே இருப்பதைக் கொட்டும். பெரும்பாலான டிரெய்லருக்குத் தனி பிரேக்கே கிடையாது. கழன்றதை நிறுத்த டிரைவரால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து வெல்டிங். நம் கடற்கரையின் உப்புக்காற்று இரும்பைத் தின்கிறது. துருவின் மேலேயே பற்றவைத்துப் பெயின்ட் அடித்தால் பார்க்கப் புதிதாக இருக்கும்; விரிசல் ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி ஓடும். உடைந்த பட்டை ஸ்பிரிங்கை வெல்டிங் வைப்பது இன்னும் மோசம். பதம் ஏற்றிய எஃகு அது; அந்தச் சூட்டில் பதம் போய், அடுத்த பாரத்தில் பட்டென்று முறியும். பெட்டியின் தரைத் தகரத்தையோ பின்கதவையோ ஒட்டுப்போட்டு ஓட்டுங்கள், நான் தடுக்கவில்லை. கொக்கி, தண்டு, ஸ்பிரிங், ஆக்சில், சக்கர நட்டு ஆகியவற்றில் மட்டும் ஒப்பேற்றல் கூடவே கூடாது. கிழிந்த டயருக்குள் டயர்த் துண்டைச் செருகுவதும் அப்படித்தான். பின்விளக்கு எரியாமல், சிவப்பு ஸ்டிக்கரும் இல்லாமல் இரவில் ஓரத்தில் நிற்கும் பெட்டி, பைக்கில் வருகிறவனின் கண்ணுக்கு மோதும்வரை தெரியாது.

பெட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதில் ஆள் ஏற்றாதீர்கள். 2022 அக்டோபர் 1 அன்று கான்பூர் மாவட்டத்தில், கோயிலுக்குப் போய்த் திரும்பிய டிராக்டர் டிரெய்லர் கவிழ்ந்து குளத்தில் விழுந்தது. 26 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். உட்கார இருக்கையும் பிடிக்கக் கம்பியும் இல்லாத பெட்டி கவிழும்போது பலர் அதன் அடியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

இழப்பீடு வரும் என்றும் நம்ப வேண்டாம். சரக்கு வாகனத்தில் சும்மா ஏறிவருகிறவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. பாதுகாப்பற்ற நிலையில் வண்டி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்படி குற்றமும்கூட.

டிரெய்லர் வைத்திருப்பவர்களே, இந்த வாரமே பட்டறைக்குப் போய்ச் சரியான பின்னும் பூட்டு ஊசியும் வாங்கி மாட்டுங்கள். முறிந்த பட்டையைக் கழற்றிப் புதியது போடுங்கள். தசரா குழுத் தலைவர்களே, குலசைக்குத் திருவிழாச் சிறப்புப் பேருந்துகள் ஓடுகின்றன. மேளம் வேண்டுமானால் பெட்டியில் வரட்டும், பிள்ளைகளைப் பேருந்தில் அனுப்புங்கள்.