'சோல்ட்' என்னும் ஒரு சொல்

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது முதுமொழி. உணவுக்கு உப்பு எத்துணை இன்றியமையாததோ, அத்துணை உறுதியான ஓரிடத்தை அது மக்களின் பேச்சிலும் பெற்றிருக்கின்றது. இவ்வுண்மைக்கு ஆங்கிலத்தில் 'சோல்ட்' என வழங்கும் சிறு சொல்லே போதிய சான்றாகும். சிறு பிள்ளைகளும் அறிந்த சொல் அது. ஆயினும், 'சோல்ட் என்றால் உப்பு' என்று மனனஞ் செய்து கொண்டு அத்துடன் நின்றுவிடும் மாணவன், ஆங்கில நூலொன்றைத் திறந்ததும் தடுமாற நேரிடுகின்றது. 'ஓல்ட் சோல்ட்' என ஒருவரைப் பற்றி எழுதியிருக்கக் கண்டு, 'அவர் ஒரு பழைய உப்பு' என மொழிபெயர்த்த மாணவர்களை வகுப்பறையிற் கண்டிருக்கின்றேன். பல்லாண்டு கடலோடி, உப்புக் காற்றிலே உரம்பெற்ற மாலுமியையே அத்தொடர் குறிக்கின்றது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என எண்ணுவோர் மொழியின் வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர்.

இச்சொல்லை ஆராயப் புத்தளக் கரையினும் பொருத்தமான இடம் வேறு வேண்டுவதில்லை. 'புதிய அளம்' என்பதே புத்தளம் ஆயிற்று என வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. அளம் என்பது உப்பு விளையும் நிலம். 1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா என்னும் அராபியப் பயணி தம் நூலிற் குறிப்பிடும் 'பத்தாலா' இப்புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு.

மூவர் கொணர்ந்த ஒரு சொல்

இக்கரைக்கு மேனாட்டார் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். போர்த்துக்கேயர் உப்பைச் 'சல்' என்றனர். கற்பிட்டியிலே 1667 ஆம் ஆண்டிற் கோட்டை கட்டத் தொடங்கிய ஒல்லாந்தர் 'ஸௌட்' என்றனர். 1795 இல் அக்கோட்டையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் 'சோல்ட்' என்றனர். ஒன்றையொன்று பகைத்துப் போரிட்ட அரசுகள் வழங்கிய இம்மூன்று சொற்களும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது வியப்பன்றோ? இலத்தீனில் 'சல்', ஜெர்மனில் 'சால்ட்ஸ்', கிரேக்கத்தில் 'ஹல்ஸ்' என வருவனவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தனவே. சொல்முதற் சகரம் கிரேக்கத்தில் ஹகரமாதல் இயல்பு. ஏழு என்னும் எண் இலத்தீனில் 'செப்டெம்' என்றும் கிரேக்கத்தில் 'ஹெப்டா' என்றும் வழங்குதல் காண்க. நம் மாணவர் இரசாயனத்திற் பயிலும் 'அலசன்' என்னும் சொல்லுக்குள்ளும் அக்கிரேக்க உப்பே கரைந்து கிடக்கின்றது. 'உப்பைப் பிறப்பிப்பது' என்பதே அதன் பொருள்.

அளத்திற் பிரியும் உப்புக்கள்

இனி, பாலாவியில் உள்ள உப்பளங்களை நோக்குவோம். களப்பு நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலிற் காயவிடுகின்றனர். நீர் சுண்டச் சுண்ட, முதலிற் படிவது நாம் உண்ணும் உப்பன்று. கல்சியம் சல்பேற்றாகிய ஜிப்சமே பெரும்பாலும் முன்னே படிகின்றது. கடல்நீர் ஏறக்குறைய பத்திலொரு பங்காகக் குறைந்த பின்னரே சோடியம் குளோரைட்டு என்னும் கறியுப்புப் பூக்கின்றது. அதனை வாரியபின் எஞ்சும் கசப்பு நீரிலே மகனீசிய உப்புக்கள் தங்குகின்றன. வெயில் சுட்டாலன்றி அளம் விளையாது. 2024 ஆம் ஆண்டின் இறுதியிலும் 2025 இலும் மழையால் விளைவு குன்றியபோது, நாற்புறமும் கடல் சூழ்ந்த இந்நாடு இந்தியாவிலிருந்து உப்பை வருவிக்க நேர்ந்ததை இல்லத்தரசியர் மறந்திரார்.

கடல்நீரிலிருந்து பிரியும் இவையாவும் இரசாயன அறிஞருக்குச் 'சோல்ட்' என்பனவே. அமிலமும் மூலமும் தாக்கமுற்று உண்டாகும் பொருளை அவர் அப்பெயரால் அழைப்பர். தமிழ் வழக்கும் இதற்குப் பின்தங்கியதன்று. பேதியுப்பு, வெடியுப்பு, கறியுப்பு என அடைகொடுத்து வேறுபடுத்தியவர் நம் முன்னோர். இவ்வேறுபாட்டை அறிதல் வெறும் சொல்லாராய்ச்சியன்று. நீலநிறச் செப்புச் சல்பேற்றும் ஓர் உப்பே. பெயரை நம்பி அதனை நாவில் வைப்பவன் நஞ்சையே சுவைப்பான்.

சமையலறையும் சாமர்த்தியமும்

ஐரோப்பியச் சமையலறையிலும் இச்சொல்லின் பேரப்பிள்ளைகள் பலர் உளர். நாம் 'சலாது' என்பதும், ஆங்கிலேயர் 'சலட்' என்பதும், 'உப்பிட்டது' என்னும் பொருளில் எழுந்தவை. பச்சிலைகளை உப்புநீரிற் பிசறி உண்டமையால் அப்பெயர் வந்தது. 'சோஸ்', 'சொசேஜ்' என்பனவும் உப்பிட்டமை பற்றியே பெயர் பெற்றன. உப்புக் கிண்ணத்தைக் குறிக்கும் 'சோல்ட் செலர்' என்னும் தொடரில் ஒரு வேடிக்கை உண்டு. 'செலர்' என்றால் நிலவறை என்று இன்று தோன்றும். உண்மையில் அது உப்புக் கிண்ணத்துக்குரிய பழைய பிரெஞ்சுச் சொல்லின் திரிபு. எனவே ஆங்கிலேயர் தம்மை அறியாமலே உப்பை இருமுறை சொல்கின்றனர். 'நடுச் சென்டர்' என்று நம்மிற் சிலர் கூறுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை.

நாவின் சுவை அறிவின் சுவைக்கும் ஆகிவந்தது. இலத்தீனில் 'சல்' என்பது நகைச்சுவை நயத்தையும் குறித்தது. வடமொழியில் உப்புக்குப் பெயரான 'லவணம்' என்பதிலிருந்தே அழகைக் குறிக்கும் 'லாவண்யம்' பிறந்தது. அதே சொல் பிராகிருத வழியே சிங்களத்தில் 'லுணு' என நிற்பதைப் புத்தளச் சந்தையில் நாள்தோறும் கேட்கலாம். நாமோ சுவையற்ற உரையை 'உப்புச் சப்பில்லாத பேச்சு' என்கின்றோம். தொலைவிலுள்ள மக்களும் ஒரே அனுபவத்தால் ஒத்த கருத்தை அடைகின்றனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சம்பளத்தில் உப்பு உண்டா?

வேதனத்தைக் குறிக்கும் 'சலறி' என்னும் ஆங்கிலச் சொல், 'சலாரியம்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. அது உப்போடு தொடர்புடைய சொல் என்பதில் ஐயமில்லை. உரோமப் போர்வீரருக்கு உப்பையே கூலியாக அளந்தனர் என்று பாடநூல்களிலும் மேடைகளிலும் சொல்லப்படும் கதையோ வேறு. அவ்வாறு அளந்ததாகக் கூறும் பழஞ்சான்று எதுவும் இல்லை. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் அறிஞர், படைத்துறையோடும் சிறப்பூதியத்தோடும் உப்பின் பெயர் தொடர்புற்றதைக் குறிப்பிடுகின்றாரேயன்றி, வீரர் கையில் உப்பை அளந்தனர் எனக் கூறினாரல்லர்.

தமிழிலும் இத்தகைய கதை உண்டு. சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகத் தரப்பட்டமையால் 'சம்பளம்' ஆயிற்று என்பர். வழியுணவு என்னும் பொருளுடைய 'சம்பல' என்ற வடசொல்லோடு அதனை இணைப்போரும் உளர். செவிக்கு இனிதாக இருப்பது ஒன்றே ஒரு விளக்கத்தை உண்மையாக்கிவிடாது. ஐயுறத்தக்க செய்தியை 'ஓர் உப்புக் கல்லோடு ஏற்றுக்கொள்' என்பது ஆங்கில மரபு. நஞ்சு முறிக்கும் மருந்தொன்றில் ஓர் உப்புக் கல்லும் சேர்ந்திருந்ததாகப் பிளினி எழுதிய குறிப்போடு இத்தொடரைத் தொடர்புபடுத்துவர். சலறியின் கதைக்கும் சம்பளத்தின் கதைக்கும் அவ்வுப்புக் கல் பெரிதும் வேண்டற்பாலது.

ஆகவே, மாணவர்கள் ஒரு சொல்லைக் கற்கும்போது மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. இஃது எங்கே பிறந்தது? எவ்வழியே நடந்தது? இவ்விடத்தில் எப்பொருளில் நிற்கின்றது? முதலிரு வினாக்களுக்கு விடைகாண, 1928 இல் நிறைவெய்திய ஆக்ஸ்போர்ட் பேரகராதி ஆங்கிலத்துக்கு உதவும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி தமிழுக்கு உதவும். மூன்றாவது வினாவுக்கு விடை, அச்சொல் நிற்கும் வாக்கியத்திலேயே உண்டு.

அகராதிகளும் எல்லாச் சொற்களையும் அடக்கியவையல்ல. பாத்தியின் பக்குவத்தை நீரின் நிறங்கண்டே உணரும் உப்பளத் தொழிலாளரின் நாவிலும் சொற்கள் உலவுகின்றன. இயந்திரமும் புதிய முறைகளும் புகுந்தால் தொழில் மாறும். தொழிலோடு சொற்களும் மறையும். விடுமுறை நாளொன்றில் அம்மூதாளரை அணுகிக் கேட்டு, அவர்தம் சொற்களையும் அவற்றின் பொருளையும் ஒரு குறிப்பேட்டிற் பதிந்து வைக்கும் மாணவன் தமிழுக்கு மெய்யான தொண்டு செய்தவனாவான். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது நம் மரபு. நாட்டுக்கே உப்பிடும் அவர்களின் சொல்லையும் நினைவில் வைத்தல் நம் கடன்.