குதிரை இழுக்க, பிள்ளைகள் சறுக்க

பனிச்சறுக்கு ஊர் என்றால் நமக்குத் தெரிந்தது சினிமாப் பாட்டுக் காட்சியும் சுற்றுலா விளம்பரமும்தான்: வெள்ளைச் சரிவு, அந்தரத்தில் தொங்கிப் போகும் நாற்காலி, கணப்பு எரியும் விடுதி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் இந்தப் படத்துக்கு நன்றாகவே பொருந்தும். ஆண்டுதோறும் பிப்ரவரியில் அங்கே குளிர்காலத் திருவிழா நடக்கிறது. விடுதிக்காரர்கள் கூட்டம் சேர்க்கக் கண்டுபிடித்த உத்தி என்றுதான் முதலில் தோன்றும். காலக்கணக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. முதல் திருவிழா நடந்தது 1914-இல். பெரிய சறுக்கு மையம் திறந்தது 1963-இல். விழாதான் அந்த ஊரைச் சறுக்கு ஊராக்கியது, இன்றும் அப்படியே வைத்திருக்கிறது என்பது என் கட்சி.

நூறாண்டுக்கு முன் அது மாட்டுப் பண்ணைக்காரர்களின் ஊர். யாம்பா பள்ளத்தாக்கில் தீவனப் புல் விளையும், மாடு பெருகும், பிறகு மாதக்கணக்கில் பனி மூடிவிடும். நீராவிப் படகுபோல் குமுறிய ஒரு கனிம ஊற்றால் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது. (இருப்புப்பாதை போடும் வேலையில் ஊற்று அந்தச் சத்தத்தை இழந்தது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.) 1913-இல் அங்கே வந்து சேர்ந்தார் கார்ல் ஹாவல்சன். நார்வேக்காரர், கொத்துவேலை தெரிந்தவர். 1903-இல் தாய்நாட்டின் புகழ்பெற்ற ஹோல்மென்கோலன் போட்டியில் வென்று, 1905-இல் அமெரிக்கா வந்து, பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸில் சறுக்கிப் பாய்ந்து வித்தை காட்டியவர். ஸ்கீ கட்டை என்பது அதுவரை அந்த ஊராருக்குப் பனியில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக உதவும் சாமான். அதைக் காலில் கட்டிக்கொண்டு வானத்தில் பாயலாம் என்று அவர் காட்டினார். மறு ஆண்டே, வீட்டுக்குள் அடைந்து கிடந்து அலுத்தவர்களை வெளியே இழுக்க ஒரு விழா பிறந்தது. 1915 முதல் பயன்பாட்டில் இருக்கும் ஹாவல்சன் குன்று வட அமெரிக்காவில் இடைவிடாமல் இயங்கிவரும் மிகப் பழைய சறுக்குத் தளம். அது நகராட்சிக்குச் சொந்தம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வாதத்துக்குத் தேவைப்படும். ஹாவல்சனோ 1920-களின் தொடக்கத்தில் நார்வேக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார்.

விழாவின் உயிர் லிங்கன் அவென்யூவில் இருக்கிறது. ஊரின் கடைத்தெருவான அதுவே 40-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும்கூட. விழா நாள்களில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, லாரியில் பனியைக் கொண்டுவந்து தெருவில் கொட்டிப் பரப்புகிறார்கள். பண்ணைக் குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓட, அதன் சேணத்தில் கட்டிய நீளக் கயிற்றைப் பிடித்தபடி பின்னால் ஸ்கீ கட்டையில் சறுக்கி வருவார்கள் பள்ளிப் பிள்ளைகள். ஸ்கிஜோரிங் என்ற இந்த விளையாட்டின் பெயரும் நார்வேயிலிருந்து வந்ததுதான். பெரியவர்கள் பனி அள்ளும் மண்வெட்டியில் உட்கார்ந்துகொள்ள, குதிரை அவர்களையும் இழுத்துப் போகும். உயர்நிலைப் பள்ளியின் வாத்தியக் குழு ஸ்கீ கட்டையில் நின்றபடியே வாசித்துக்கொண்டு ஊர்வலம் வரும். இரவில் குன்றின்மேல் தீப்பந்தம் ஏந்தியவர்கள் வரிசையாக இறங்குவார்கள், எரியும் வளையத்துக்குள் வீரர்கள் பாய்வார்கள். 1936-இல் கிளாடியஸ் பேங்க்ஸ் என்பவர் உடம்பெங்கும் மின்விளக்கும் வாணமும் கட்டிக்கொண்டு இருட்டில் சறுக்கி இறங்கினார். 'ஒளி மனிதன்' என்ற அந்த வேடம் பின்னர் அவர் மகனுக்கு வந்தது. 2020 விழாவில் ஏறத்தாழ 1,270 கிலோ எடையுள்ள ஒற்றை வாணம் விண்ணில் வெடித்துக் கின்னஸில் இடம்பெற்றது. முந்தைய ஆண்டு முயற்சியில் அப்படியொரு வாணம் குழாயை விட்டே கிளம்பாமல் வெடித்துப்போனது. எனக்கு அந்த வாணத்தைவிட மண்வெட்டிதான் பிடித்திருக்கிறது. கொட்டிலில் கிடக்கும் சாமானை எடுத்தே விளையாடத் தெரிந்தவர்களின் விழா இது என்று அது காட்டுகிறது.

பனியும் நல்ல பயிற்சியாளரும் இருந்தால் வீரர்கள் தாமாக வருவார்கள், இதில் விழாவுக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். பனி கொலராடோவில் எத்தனையோ ஊர்களில் கொட்டுகிறது. வட அமெரிக்காவில் வேறெந்த ஊரையும்விட அதிகமான குளிர்கால ஒலிம்பிக் வீரர்களைத் தந்தது தான்தான் என்று சொல்லிக்கொள்வது ஸ்டீம்போட். விழாவை நடத்துவது ஊரின் குளிர்கால விளையாட்டுக் கழகம். பிள்ளைகளுக்குப் பயிற்சி தருவதும் அதே கழகம்தான். விழாவில் திரளும் பணம் அந்தப் பயிற்சிக்குப் போகிறது. தெருவில் கயிறு பிடித்த பிள்ளை, நகராட்சியின் குன்றிலேயே பாயப் பழகுகிறது. இன்று பெரிய சறுக்கு மையம் இருக்கும் மலைக்குப் பெயராக உள்ள பட்டி வெர்னர் இந்த மண்ணில் பிறந்து ஒலிம்பிக் வரை போனவர். 1964-இல் சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்.

லாரியில் பனி கொண்டுவந்து கொட்டுவது போலித்தனம் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. தேரோடத் தெருவைச் செப்பனிடாத ஊர் உண்டா? வெளியூர்க் கூட்டமும் வரத்தான் செய்கிறது, விடுதிகளும் நிரம்பத்தான் செய்கின்றன. ஆனால் கூட்டம் நடைபாதையில் நிற்கிறது. தெருவில் ஓடுவது உள்ளூர்க் குதிரையும் உள்ளூர்ப் பிள்ளையும். இந்தப் பிரிவினை இருக்கும்வரை அதை வெறும் காட்சிப்பொருள் என்று தள்ள முடியாது.

எளிதில் மறுக்க முடியாத ஆட்சேபம் ஒன்று உண்டு. அந்த உள்ளூர்ப் பிள்ளைகள் எத்தனை நாள் உள்ளூரில் இருப்பார்கள்? பெரிய சறுக்கு மையம் இப்போது அல்டெரா என்ற பெருநிறுவனத்தின் கையில். அங்கே வேலை செய்பவர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், கடைச் சிப்பந்திகளுக்கும் எட்டாத உயரத்துக்கு வீட்டு விலை போய்விட்டது. கட்டுப்படியாகும் விலையில் வீடுகள் கட்ட, பிரவுன் ராஞ்ச் என்ற நிலப்பரப்பை நகர எல்லைக்குள் சேர்க்கும் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. செலவையும் நெரிசலையும் காட்டி எதிர்த்தவர்களின் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் பனி குறைந்தால் லாரி வைத்துச் சமாளிக்கலாம். குடும்பங்கள் குறைந்தால் எதை வைத்துச் சமாளிப்பது? 2024 மார்ச்சில் அந்தத் திட்டத்தை ஊரே வாக்களித்து நிராகரித்துவிட்டது.