மணல் நிலமும் ஊர்தி வெப்பமும்

நிலத்தின் இயல்புக்கேற்ப ஊர்தியைத் தெரிந்துகொள்ளுதல் தொன்றுதொட்டு வந்த வழக்கமாகும். மன்னார்த் தீவிலே, அராபிய வணிகர் கொண்டுவந்தனவெனக் கருதப்படும் கழுதைகள் நெடுங்காலம் பொதி சுமந்தன. இன்று அவை தெருவோரங்களில் மேய்ந்து திரிய, அவற்றின் பணியை ஜீப்புகளும் கப் வாகனங்களும் உழவு இயந்திரங்களும் ஏற்றுள்ளன. பேசாலை, தாழ்வுபாடு, தலைமன்னார் ஆகிய ஊர்களின் கரைகளிலே மீனும் பனிக்கட்டியும் ஏற்றிச் செல்லும் ஊர்தி, தார் வீதியை அடையுமுன் இளமணலைக் கடத்தல் வேண்டும். அம்மணலில் அதன் கியர்ப்பெட்டி பழுதுறுமாயின், ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு வீணாகும். ஆகவே, அப்பெட்டி மணலிற் சூடேறுவது ஏன், அதனைத் தடுப்பது எங்ஙனம் என்பவற்றை ஆராய்தல் பயனுடைத்து.

நீரைத் துடுப்புகளாற் கலக்கினால், செய்த வேலைக்கு ஈடான வெப்பம் அந்நீரிற் பிறக்கும் என்பதை ஆங்கில விஞ்ஞானியாகிய யூல் 1840களிற் பரிசோதனை வாயிலாகக் காட்டினார். சக்தி அழிவதில்லை, வடிவம் மாறுகின்றது. இவ்விதியே கியர்ப்பெட்டியிலும் ஆட்சி செய்கின்றது. எஞ்சினிற் பிறந்த வலுவிலே சில்லைச் சென்றடையாத பகுதி இடையில் வெப்பமாகியே தீரும்.

தன்னியக்கக் கியர்ப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஜெர்மானியப் பொறியியலாளர் ஃபொட்டிங்கர் 1905ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்ததே அதன் முன்னுள்ள முறுக்கமாற்றி. அதில் எஞ்சின் ஒரு விசிறியைச் சுழற்ற, அவ்விசிறி எண்ணெயை வீச, அவ்வெண்ணெய் எதிரேயுள்ள மற்றொரு விசிறியைச் சுழற்றும். சமதரை வீதியில் இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்திற் சுழலும். சில்லு மணலிற் புதையுங்கால் முன்னது விரையப் பின்னது தயங்கும். அவ்வேளை முறுக்கமாற்றி, யூலின் துடுப்புப் பாத்திரமாகவே மாறிவிடுகின்றது.

இதனைக் கணக்கிட்டும் காணலாம். எஞ்சின் தரும் 30 கிலோவாற்று வலுவிற் பாதி இவ்வாறு வீணாகின்றதெனக் கொள்க. பெட்டியிலுள்ள 8 கிலோகிராம் எண்ணெயின் தன்வெப்பம் ஏறக்குறைய 2 கிலோயூல் ஆகும். எனவே 15 கிலோவாற்று வெப்பம் அவ்வெண்ணெயைச் செக்கனுக்கு ஏறத்தாழ 0.9 பாகை உயர்த்தவல்லது. ஒரு நிமிடத்தில் 50 பாகைக்கு மேலாகும். உலோகமும் குளிர்விப்பானும் இதில் ஒரு பங்கை ஏற்குமாயினும், ஆபத்து எத்துணை விரைவில் வருமென்பது தெளிவு. வழமையாக 80 முதல் 95 பாகை செல்சியசு வரை நிற்கும் எண்ணெய், 120 பாகையைக் கடந்தால் விரைந்து கெடும். அதற்குமேல் ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியியலாளர் கொள்ளும் பொதுவிதி. சிவந்த எண்ணெய் கபில நிறமுற்றுக் கருகல் மணம் வீசுவது அதன் அடையாளம்.

கையாற் கியர் மாற்றும் ஊர்திகளில் இவ்வெப்பம் பெரும்பாலும் கிளச்சிலே பிறக்கும். கிளச்சை அரைவாசி மிதித்தபடி மணலிலிருந்து மீள முயல்பவர், தட்டைத் தேய்த்துத் தீய்க்கின்றார். ஊர்தியின் வகை வேறாயினும், வழுக்கலே வெப்பத்தின் தாய் என்பது ஈரிடத்தும் ஒன்றே.

ஆதலின், பெரிய குளிர்விப்பானைப் பொருத்துதல் இரண்டாவது மருந்து. வழுக்கலைக் குறைத்தலே முதல் மருந்து. அதற்கு எளிய வழி ரயரின் காற்றைக் குறைத்தலாகும். 1920களிலும் 1930களிலும் லிபியப் பாலைவனத்தைப் போர்ட் வாகனங்களிற் கடந்த பிரித்தானியப் படைப் பொறியியலாளர் பக்னோல்ட் இம்முறையைக் கையாண்டார். வீதியிலே சதுர அங்குலத்துக்கு 30 முதல் 35 இறாத்தல் வரை இருக்கும் அமுக்கத்தை, மணலில் 15 முதல் 18 இறாத்தல் வரை தாழ்த்தலாம். அப்பொழுது ரயர் பரந்து மணலின்மேல் மிதக்கும். தார் வீதியை அடைந்ததும் மீண்டும் காற்றேற்றல் இன்றியமையாதது.

அடுத்தது, நாற்சில்லு ஊர்தியின் தாழ்கியர்த் தொகுதியை மணலில் இறங்குமுன்பே இணைத்தல். பல வாகனங்களில் அது முறுக்கத்தை ஏறக்குறைய 2.5 மடங்காக்கும். அதனால் இரண்டாம் விசிறி முன்னதன் வேகத்தை நெருங்க, வெப்பம் குறையும். புதைந்தபின் வேகமுடுக்கியை அழுத்துவது குழியை ஆழமாக்குவதன்றி வேறு பயன் தராது. இறங்கி மணலை அகழ்தலே அறிவுடைமை.

மன்னாரின் காற்றையும் இங்குக் கருதல் வேண்டும். 2020ஆம் ஆண்டிற் தொடக்கிவைக்கப்பட்ட தம்பபவனி மின்னிலையத்தின் 30 காற்றாலைகளும் அதன் வன்மைக்குச் சான்று. தென்மேல் பருவக்காற்று வீசுங்கால் வடகிழக்கு நோக்கி மெல்ல ஊரும் ஊர்திக்குக் காற்றுப் பின்னிருந்து வருவதால், முன்னுள்ள றேடியேற்றர் ஊடாகக் காற்றோட்டம் குன்றும். எனவே, இளைப்பாற நிறுத்துபவர் ஊர்தியின் முகத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்துதல் நன்று.

வெப்ப எச்சரிக்கை தோன்றியவுடன் எஞ்சினை அணைத்துவிடுதல் பலர் செய்யும் பிழையாகும். தன்னியக்கப் பெட்டியின் எண்ணெய்ப் பம்பியை எஞ்சினே இயக்குகின்றது. எஞ்சின் நின்றால் எண்ணெய் குளிர்விப்பானுக்குச் செல்லாது. ஆதலாற் கியரை நடுநிலையில் வைத்து, எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிடுக. எஞ்சினின் நீரே கொதிக்குமாயின் மட்டும் அணைத்தல் தகும். கடல்நீருள் இறக்கிக் குளிர்விக்க எண்ணுவது பெருங்கேடு. சூடான பெட்டி சடுதியாகக் குளிர, உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி மூச்சுத்துளை வழியே உப்புநீரை உறிஞ்சும். நீர் கலந்த எண்ணெய் பால்போல் வெளிறி, உராய்வைத் தடுக்கும் ஆற்றலை இழக்கும்.

வகுப்பறையிற் கற்கும் சக்திக் காப்பு விதி, ஏட்டோடு நின்றுவிடும் ஒன்றன்று. வலு சில்லுக்குச் செல்கின்றதா, எண்ணெயைச் சுடுகின்றதா என்று வினவியறியும் சாரதி, பொருட்செலவின்றியே தன் ஊர்தியைக் காத்துக்கொள்வான். மணலைக் கடந்து மீனை நேரத்துக்குச் சந்தையிலும் சேர்ப்பான்.